ரேக்குக்கு ஏசியா, மைனஸ் 48 வோல்ட் டிசியா?

ரேக்கில், அதாவது நெட்வொர்க் கருவிகளை அடுக்கும் சட்டத்தில், மாட்டும் ஒரே மாடல் ரவுட்டர் ஏசி பவர் சப்ளையோடும் வரும், மைனஸ் 48 வோல்ட் டிசி பவர் சப்ளையோடும் வரும். "48 வோல்ட்தானே, ஷாக் அடிக்காது, டிசியே போட்டுவிடலாம்" என்று சொல்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். ஷாக்கை மட்டும் வைத்துப் பார்த்தால் அதில் நியாயம் உண்டு. ஆனால் டிசியில் பயப்பட வேண்டியது சூட்டுக்கும் நெருப்புக்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1,500 வாட் இழுக்கும் கருவிக்கு 230 வோல்ட் ஏசியில் சுமார் 6.5 ஆம்பியர் போதும். 48 வோல்ட்டில் 31 ஆம்பியர் வேண்டும். கரண்ட் இரட்டித்தால் இணைப்பில் சூடு நான்கு மடங்காகும். இங்கே கிட்டத்தட்ட ஐந்து மடங்கு கரண்ட். ஏசியில் கண்டுகொள்ளாமல் விடப்படும் தளர்ந்த இணைப்பு டிசியில் கருகிவிடும்.

ஒருமுறை ஒரு ரேக்கில் பிரேக்கரை இறக்கிவிட்டு டிசி லக்கை, அதாவது வயர் முனையில் நட்டு போட்டு முடுக்கும் உலோக வளையத்தை, தொட்டேன். நட்டு விரலாலேயே திரும்பியது. பக்கத்தில் வயரை மூடியிருந்த காப்பு உறை பழுப்பேறி, நகம் பட்டதும் செதில் செதிலாக உதிர்ந்தது. அதுவரை ஒரு அலாரம்கூட அடித்ததில்லை. அன்றிலிருந்து டார்க் ரெஞ்ச் (குறித்த அளவு இறுக்கத்துக்கு முடுக்கும் ஸ்பேனர்) இல்லாமல் நான் டிசி நட்டை முடுக்குவதில்லை.

அப்புறம் டிசிக்குப் பின்னால் இருக்கும் பேட்டரி. ஸ்பேனரோ மோதிரமோ குறுக்கே பட்டால் அது கொட்டுகிற கரண்ட் உலோகத்தையே உருக்கும். 50 ஹெர்ட்ஸ் ஏசி நொடிக்கு 100 தடவை பூஜ்யத்தைத் தொடுவதால் தீப்பொறி தானாக அணைய வாய்ப்பு உண்டு. டிசியில் அந்தப் பூஜ்யமே கிடையாது. அதனால் டிசிக்கென்று மதிப்பிடப்பட்ட பிரேக்கர்தான் போட வேண்டும்.

மைனஸ் 48 வோல்ட்டில் பாசிட்டிவ் பக்கம்தான் எர்த். செப்புக் கம்பி அரிக்காமல் இருக்கத் தொலைபேசிக்காரர்கள் கொண்டுவந்த வழக்கம். வயரின் நிறத்தை நம்ப வேண்டாம், மல்டிமீட்டர் வைத்துப் பார்த்துவிடுங்கள். முதலில் எர்த், பிறகு ரிட்டர்ன் (பாசிட்டிவ் வயர்), கடைசியில் மைனஸ். கழற்றும்போது இதே வரிசை தலைகீழாக.

ஏசியின் பெரிய பலம், பிளக்கைத் தப்பாகச் செருக முடியாது என்பதுதான். சர்வதேசக் கணக்கில் சி13 வகை பவர் கார்டு (மின்வயர்) 10 ஆம்பியர், சி19 வகை 16 ஆம்பியர். அதன் பலவீனமும் பிளக்கில்தான்: கை பட்டால் கழன்றுவிடும். பூட்டுள்ள கார்டு வாங்குங்கள். அந்தக் காசு வீண் போகாது.

எதை எடுத்தாலும் இரண்டு ஃபீட், அதாவது தனித்தனியாக வரும் இரண்டு மின்வழிகள், வேண்டும். இரண்டு கார்டையும் ஒரே பவர் ஸ்ட்ரிப்பில் செருகியிருந்தால் அது ஒரே ஃபீட்தான். ஒன்று போனால் மொத்தச் சுமையும் மற்றொன்றின் மேல் விழும். அதனால் இரண்டின் சுமையையும் அதனதன் திறனில் பாதிக்குக் கீழேயே வைத்திருங்கள்.

பேட்டரி பிளான்ட்டும் (டிசி கொடுக்கும் பேட்டரி, சார்ஜர் அமைப்பு) அதைப் பார்த்துக்கொள்ளத் தேர்ந்த கையும் ஏற்கெனவே இருக்கும் இடத்தில் டிசி அருமையானது. நடுவில் இன்வெர்ட்டர் இல்லாமலே ரவுட்டர் நேராகப் பேட்டரியில் ஓடும். அது இல்லாத இடத்தில் ஒரே ஒரு ரவுட்டருக்காக டிசி இழுக்காதீர்கள் என்பேன். ஏசி போதும்.

கருவியைத் திறக்கப் போகிறீர்கள் என்றால் இரண்டு ஃபீட்டையும் எடுத்துவிடுங்கள். ஒன்றை மட்டும் இறக்கினால் உள்ளே மின்சாரம் அப்படியே இருக்கும்.