இடிந்து நிற்பதா, மீண்டும் எழுந்ததா?

கலிபோர்னியாவில் காரில் போகிறவருக்கு ஸ்பானியப் பாதிரிமார் மதம் பரப்ப அமைத்த பழைய வளாகங்களான மிஷன்களில் ஒரே ஒன்றுக்குத்தான் நேரம் என்றால், லோம்போக் அருகிலுள்ள லா பூரிசிமாவையே சொல்வேன். இன்னொரு மிஷனான சான் ஹுவான் கேபிஸ்ட்ரானோவில், 1812 டிசம்பர் நிலநடுக்கத்தில் வழிபாட்டின்போதே சரிந்து சுமார் 40 பேரைப் பலிகொண்ட கற்கோயில் கூரையின்றி நிற்கிறது. பார்த்தால் நெஞ்சு கனக்கும். ஆனால் அது ஊர் நடுவே இருக்கிறது, கூட்டமும் அதிகம்.

லா பூரிசிமாவும் அதே மாதம் இன்னொரு நிலநடுக்கத்தில் இடிந்தது. வேறிடத்தில் கட்டியதும் பின்னாளில் பாழாக, 1930-களில் மண்செங்கல் அறுத்து மீண்டும் எழுப்பினார்கள். கொழுப்பு உருக்கிய தொட்டிகள், பட்டியில் செம்மறி ஆடுகள் என உழைத்த கைகளின் தடம் இங்கே தெரிகிறது. அவை இப்பகுதியின் பூர்வகுடிகளான சூமாஷ் மக்களின் கைகள். 1824-இல் கிளர்ந்தெழுந்து, இதே வளாகத்தை ஏறக்குறைய ஒரு மாதம் தம் வசம் வைத்திருந்தவர்களும் அவர்கள்தான்.