ஏபி ஃபிசிக்ஸ் 1-ஆ, சி-யா, ஐபி-யா?

பள்ளியிலேயே கல்லூரித் தர இயற்பியல் படிக்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "எது ஈசி?" என்றுதான். அதைவிட, கால்குலஸ் (நுண்கணிதம்) எவ்வளவு கைவசம் இருக்கிறது என்று பார்ப்பதே முக்கியம் என்பேன்.

அமெரிக்காவின் காலேஜ் போர்டு, பள்ளி மாணவர்களுக்காகக் கல்லூரித் தரத்தில் நடத்தும் ஏபி (அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்) இயற்பியல் பாடங்களைப் பிரிப்பதே அதுதான். ஃபிசிக்ஸ் 1, 2 இரண்டும் இயற்கணிதத்தோடு நின்றுவிடும். ஃபிசிக்ஸ் சி-யில் இயக்கவியல், மின்காந்தவியல் என்று இரண்டு தனித் தேர்வுகள். இரண்டிலும் கால்குலஸ் உண்டு.

ஒரு பந்து காற்றில் விழுகிறது, வேகம் கூடக் கூடத் தடையும் கூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஃபிசிக்ஸ் 1-இல் முடுக்கம் ஏன் குறைகிறது, வேகம் ஏன் கடைசியில் மாறாமல் நிற்கிறது என்று காரணம் சொல்லி வரைபடம் போட்டால் போதும். சி-யில் நியூட்டனின் இரண்டாம் விதியை வகைக்கெழுச் சமன்பாடாக எழுதி, தொகையீடு செய்து, எந்த நொடியில் என்ன வேகம் என்று வருவிக்க வேண்டும்.

அதற்காக 1-ஐ லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சூத்திரத்தை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள், சொற்களில் விளக்கச் சொல்லும் கேள்விகளில் திணறிப் போகிறார்கள். 2024-25 முதல் பாய்மங்கள் பகுதியும் 2-இலிருந்து 1-க்கு வந்துவிட்டது. முன்பு 90 நிமிடமாக இருந்த சி தேர்வுகளும் இப்போது மற்றவை போலவே 3 மணி நேரம்.

பல நாட்டுப் பள்ளிகளில் உள்ள ஐபி (இன்டர்நேஷனல் பக்கலோரியட்) திட்டத்தின் உயர்நிலை (ஹையர் லெவல்) இயற்பியல் பாடம் வேறு மாதிரி. இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம். கால்குலஸ் தேவையில்லை, ஆனால் சார்பியல், குவாண்டம், விண்மீன்கள் வரை போகும். எனக்கு மிகவும் பிடித்தது அதிலுள்ள சொந்த ஆய்வு. எண்ணெயைச் சூடாக்கினால் அதில் விழும் குண்டின் வேகம் எப்படி மாறுகிறது என்பது போன்ற ஒரு கேள்வியை மாணவரே எடுத்து, அளந்து, பிழையைக் கணக்கிட்டு எழுத வேண்டும். மொத்த மதிப்பெண்ணில் 20 சதவீதம் இதற்குத்தான். இங்கிலாந்தின் பள்ளி இறுதிப் படிப்பான ஏ லெவலிலும் செய்முறை உண்டு, ஆனால் அது கிரேடில் சேராமல் தனியாகக் குறிக்கப்படும்.

சரி, எதை எடுப்பது? மருத்துவம், உயிரியல் பக்கம் போகிறவர்களுக்கு 1-உம் 2-உம் பொருத்தம். பொறியியல் என்றால் சி-தான். கால்குலஸ் இல்லாத பாடத்தைப் பல பொறியியல் துறைகள் தங்கள் முதலாண்டு இயற்பியலுக்கு ஈடாக ஏற்பதில்லை. கால்குலஸை அதே ஆண்டில்தான் தொடங்குகிறீர்களா? இயக்கவியலை மட்டும் எடுங்கள். மின்புலத்தைக் கணக்கிட உதவும் காஸ் விதியின் பரப்புத் தொகையீடுகள் வரும் மின்காந்தவியலை அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்.