திடீர்க் கல்யாணமா, மோதலா? காதல் நாவலை வகை பார்த்து எடுப்பது

அட்டையை நம்பிக் காதல் நாவல் எடுத்து ஏமாந்தவர்களில் நானும் ஒருத்தி. எல்லா அட்டையிலும் ஒரு பெண் தலை குனிந்து நிற்பாள். உள்ளே என்ன கதை என்று அதை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. இப்போதெல்லாம் வகை பார்த்துத்தான் எடுக்கிறேன். இளம் வாசகிகள் ‘ட்ரோப்’ என்கிறார்களே, அதுதான். எல்லாக் கதையிலும் கடைசியில் சேர்ந்துவிடப் போகிறார்கள். அதுவரை எது தடுக்கிறது என்பதுதான் வகைக்கு வகை மாறும்.

நம் குடும்ப நாவல்களில் அதிகம் ஓடுவது திடீர்க் கல்யாணம். மாப்பிள்ளை மண்டபத்திலிருந்து ஓடிவிடுவான். அவன் தம்பியோ பெண்ணின் அத்தை மகனோ தாலி கட்டுவான். இல்லையென்றால் ஒப்பந்தக் கல்யாணம், ஒரு வருடக் கெடுவோடு. இதில் எழுதுபவருக்கு ஒரு பெரிய வசதி உண்டு. ஜாதகம், சாதி, ஊர் வாய் எல்லாவற்றையும் முதல் அத்தியாயத்திலேயே ஒரே தாலியில் தாண்டிவிடலாம். மிச்சம் இருப்பது ஒரு வீடு, முகம் பார்த்துப் பேசாத இரண்டு பேர். நிதானமான கையில் இது அருமையாக வரும். அவளுக்குக் காபியில் சர்க்கரை குறைவாக வேண்டும் என்று அவன் கவனித்திருக்கிறான் என்ற ஒரே வரியில் மனசு உருகிவிடும். அவசரக் கையில் மாட்டினால், இரண்டு நிமிடம் பேசினால் தீரும் சந்தேகத்தை இருநூறு பக்கம் இழுப்பார்கள். அதைவிட எனக்கு உறுத்துவது வேறு: பிடிக்கவில்லை என்றால் அந்தப் பெண்ணுக்குப் போக இடமே இருக்காது.

மோதலில் தொடங்கும் காதலில் அந்தக் குறை இல்லை. அவள் ‘முடியாது’ என்று சொல்லலாம். ஜேன் ஆஸ்டின் 1813இல் வெளியிட்ட ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ நாவலில் 61 அத்தியாயங்கள். நாயகன் 34ஆம் அத்தியாயத்தில் காதலைச் சொல்லி, நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்கிறான். கதை சூடு பிடிப்பதே அதற்கு அப்புறம்தான். அவள் சொன்னதை அவன் யோசிக்கிறான், அவளும் தன் கணிப்பைத் திருத்திக்கொள்கிறாள். நம்மூரில் மோதல் என்றால் பல சமயம் பேருந்து நிறுத்தத்தில் மோதிப் புத்தகங்கள் சிதறுவதோடு சரி. கருத்தில் மோதினால்தானே மனம் மாற இடம் இருக்கும்?

‘ஆன்ட்டி ஹீரோ’ கதைகளை நான் எடுப்பதில்லை. கடத்துவான், மிரட்டுவான், கடைசி அத்தியாயத்தில் மன்னிப்புக் கேட்பான். தொல்காப்பியம் ‘மிக்க காமத்து மிடல்’ என்பதை அன்பின் ஐந்திணையில் சேர்க்காமல் பெருந்திணையில், அதாவது பொருந்தாக் காமத்தில், வைத்தது. மிடல் என்றால் வலிமை. அந்தப் பாகுபாடு எனக்கு இன்றைக்கும் போதும்.

உண்மையில் வகை பார்த்துப் படிப்பது நமக்குப் புதிதே இல்லை. குறிஞ்சி என்றால் கூடல், முல்லை என்றால் காத்திருத்தல், மருதம் என்றால் ஊடல், நெய்தல் என்றால் இரங்கல், பாலை என்றால் பிரிவு என்று சங்கப் பாட்டில் திணையைச் சொன்னதுமே எந்த உணர்வுக்குத் தயாராக வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

எனக்குப் பிடித்தது பாலையில் தொடங்குகிற வகை, பிரிந்து சேர்வது. அதே ஆஸ்டினின் ‘பர்சுவேஷன்’ நாயகி 19 வயதில், பெரியவர் பேச்சைக் கேட்டுக் காதலனை வேண்டாம் என்கிறாள். 27 வயதில் அவன் கப்பற்படைக் கேப்டனாக அவள் எதிரே வந்து நிற்கிறான். இங்கே தடை என்பது இரண்டு பேரும் உண்மையிலேயே வாழ்ந்து கழித்த எட்டு வருடம். தமிழில் இதே வகையில் நடுவில் ஒரு ஐந்து வயதுக் குழந்தையை வைத்துவிடுவார்கள். அது ‘அப்பா’ என்று கூப்பிட்டதும் எல்லாம் சரியாகிவிடும். குழந்தை வந்தாலே நான் கொஞ்சம் உஷாராகிவிடுவேன்.

வகையைத் தெரிந்துகொண்ட பிறகும் புத்தகத்தின் நடுவில் நாலு பக்கம் புரட்டிப் பார்ப்பேன். அவள் ‘வேண்டாம்’ என்று சொல்லும் இடத்தில் அவன் நிறுத்துகிறானா? அவளுக்கென்று ஒரு வேலையோ தோழியோ இருக்கிறதா? இருந்தால் எந்த வகையானாலும் வாங்கிவிடலாம். நீண்ட ரயில் பயணத்துக்கு மோதல் கதை, வாக்குவாதங்களே வேகமாக ஓட்டிவிடும். காய்ச்சலில் படுத்திருந்தால் திடீர்க் கல்யாணம்தான் இதம், கஞ்சி மாதிரி.

இவ்வளவு பேசிவிட்டு, இப்போது கையில் வைத்திருப்பதும் ஒரு மண்டபக் கதைதான். மாப்பிள்ளை மூன்றாம் பக்கத்திலேயே ஓடிவிட்டான்.