ஆற்று மணலா, எம்-சாண்டா: பில்லில் ஏறாத கணக்கு

மாடியில் ஆயிரம் சதுர அடி எடுக்கலாம் என்று வீட்டில் முடிவானதும் பேச்சு நேராக மணலுக்குத்தான் போனது: ஆற்று மணலா, கல்லை உடைத்துச் செய்கிற எம்-சாண்டா? திருநெல்வேலிப் பேட்டையில் எங்கள் தெருவில் வீடு கட்டியவர்கள் ஒவ்வொருவரும் இதில் ஒரு கட்சி. எதிர்வீட்டு ஆச்சி, "என்ன இருந்தாலும் ஆத்து மணலு மாதிரி வருமாடே" கட்சி. என் தம்பி, "அதெல்லாம் அந்தக் காலம்" கட்சி. கொத்தனார் இரண்டு பக்கமும் பேசுவார். "கட்டுக்கும் கான்கிரீட்டுக்கும் எம்-சாண்டு போதும் அண்ணாச்சி. பூச்சுக்கு மட்டும் ஆத்து மணலு ரெண்டு லோடு எப்படியாவது பாருங்க. கரண்டில நெய் மாதிரி ஓடும்லா."

விலை கேட்டேன். ஆற்று மணலுக்குச் சொன்ன விலை எம்-சாண்டைப் போல இரண்டு பங்குக்கும் மேல். விலையில் எம்-சாண்ட் ஜெயித்துவிட்டது, அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் மணல் தருகிறேன் என்றவர் போனை வைக்குமுன், "பில்லு கேக்கப்பிடாது, ராத்திரிதான் வண்டி வரும்" என்றார். அது உறுத்திக்கொண்டே இருந்தது. எனக்கு பில் வராது, சரி. யாருக்கு வரும்? அதே கேள்வியை, பட்டப்பகலில் பில்லோடு வருகிற எம்-சாண்டிடமும் கேட்டுப் பார்த்தேன்.

தரத்தைப் பற்றி ரொம்ப இழுக்க வேண்டாம். ஆற்று மணல் தண்ணீரில் உருண்டு வந்தது, பரல் மழமழப்பாக இருக்கும், கலவை இழுக்கிற பக்கம் வரும். எம்-சாண்ட் கருங்கல்லை உடைத்துச் செய்வது, பரலுக்கு முனை இருக்கும், தண்ணீர் கொஞ்சம் கூடக் கேட்கும், பிடிப்பும் நன்றாகவே இருக்கும். கான்கிரீட் மணலுக்கும் ஜல்லிக்கும் இந்தியத் தர நிர்ணய அமைவனம் வைத்திருக்கிற ஐ.எஸ். 383 என்ற தரவிதி, 2016ஆம் ஆண்டுத் திருத்தத்தில் இதற்கும் இடம் கொடுத்துவிட்டது. பூச்சுக்கென்று இன்னும் பொடியாகச் சலித்த பி-சாண்ட் தனியாக வருகிறது. ஏமாற்று இரண்டிலும் உண்டு. ஆற்று மணலை ஈரத்தோடு அளந்தால் உப்பி நிற்கும், யூனிட்டில் கால் பங்கு வரைக்கும் வெறும் உப்பல் என்று ஆகிவிடலாம். எம்-சாண்ட் என்ற பெயரில் கழுவாத கிரஷர் தூசியைத் தள்ளிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஒரு கண்ணாடி பாட்டிலில் பாதிக்கு மணலைப் போட்டு, உப்புத் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, மூன்று மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். மேலே படிகிற சேறு நூற்றுக்கு எட்டைத் தாண்டினால் வண்டியைத் திருப்பி அனுப்பிவிடலாம். ஆகத் தரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. கை பழகியதுதான் வித்தியாசம்.

ஆறு கட்டுகிற பில்

எனக்குத் தெரிந்த மணல் கணக்கு இது. ஒரு யூனிட் என்பது 100 கன அடி, அதாவது சுமார் 2,830 லிட்டர் இடம். படுகையில் கிடக்கும் மணலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பரலுக்கு நடுவில் உள்ள சந்துதான். அந்தச் சந்தில் ஏறக்குறைய 1,000 லிட்டர் தண்ணீர் நிற்கும். அதில் பரலோடு ஒட்டிக்கொண்டது போக, அக்கம்பக்கத்துக் கிணறுகளுக்கு இறங்குவது 600, 700 லிட்டர் என்று வையுங்கள். ஆயிரம் சதுர அடி வீட்டுக்குக் கொத்தனார் கணக்கில் 18 யூனிட் மணல் வேண்டும். பெருக்கினால் 12,000 லிட்டர், ஒரு முழு டேங்கர் லாரி. ஒரு தடவை எடுத்தால் தீர்ந்துபோகிற டேங்கரும் இல்லை. ஆற்றில் தண்ணீர் வருகிறபோதெல்லாம் தானாக நிரம்பும், கரண்ட் கேட்காது, வாடகை கேட்காது. என் மாடி வீட்டுக்காக அதை நிரந்தரமாகத் தூக்கிக்கொண்டு வந்து சிமெண்டில் குழைத்துப் பூசிவிட்டேன் என்றால், அந்த டேங்கருக்கு இனிமேல் யாரோ காசு கொடுத்தாக வேண்டும்.

யார் என்று தேட ரொம்ப தூரம் போக வேண்டாம். திருநெல்வேலி குடிக்கிற தண்ணீரில் பெரும்பங்கு தாமிரபரணிப் படுகையின் உறைகிணறுகளில் இருந்து வருவது. அந்தக் கிணறுகளுக்கு மணல்தான் வடிகட்டி. மணல் போய்ச் சேறும் பாறையும் தெரிகிற இடத்தில் தண்ணீரை எந்திரம் வைத்துச் சுத்தம் செய்ய வேண்டும், அந்தச் செலவு குடிநீர் வரியாகவோ மானியமாகவோ நம் தலையில்தான் விழும். இன்னொன்று, படுகை இறங்க இறங்க ஆற்றுத் தண்ணீரும் இறங்கும், கால்வாயின் தலைமடை மட்டும் பழைய உயரத்திலேயே நிற்கும். கோடைமேலழகியானில் தொடங்கி மருதூர், ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள் இந்த ஆற்றில். அணைக்கட்டுக்குக் கீழே தோண்டினால் அடித்தளம் அரித்துப்போகும். பாலத்தின் தூணுக்கும் அதே கதி. பழுது பார்க்கிற டெண்டரில் "மணல் அள்ளியதால்" என்று எழுதியிருக்காது.

எனக்கு நன்றாகப் பார்த்துத் தெரிந்தது கடைமடைதான். தூத்துக்குடி மாவட்டத்து ஆத்தூரில் மாமாவுக்கு வெற்றிலைக் கொடிக்கால் இருந்தது. 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய அதே ஆத்தூர் வெற்றிலை. புன்னைக்காயல் கடல் அங்கிருந்து கூப்பிடு தூரம். கடலுக்குப் பக்கத்தில் ஆற்றுப்படுகை பள்ளமானால், நல்ல தண்ணீர் குறைந்த மாதங்களில் உப்புத் தண்ணீர் உள்ளே ஏறி வரும். ஒரு கோடையில் கிணற்றடியில் நின்று மாமா ஒரு கை அள்ளி வாயில் வைத்துவிட்டுத் துப்பினார். "கரிக்கி மருமவனே. கொடிக்கு நம்மளவிட நாக்கு ஜாஸ்தி. மொதல்ல அதுதான் சொல்லும்." இலையின் ஓரத்தைக் காட்டினார், தீய்ந்த பப்படம் மாதிரி சுருண்டிருந்தது. அடுத்த வருஷம் பாதிக் கொடிக்காலை எடுத்துவிட்டு வாழை வைத்தார். அந்த நஷ்டத்தை எந்த மணல் லாரியின் பேரில் எழுத முடியும்?

ஆறு தானாகவே மணலைக் கொண்டுவந்து சேர்த்துவிடும் என்று ஒரு சமாதானம் உண்டு. முன்பு சரிதான். ஏறக்குறைய 125 கி.மீ. ஓடுகிற ஆற்றின் தலையில் 1940களில் பாபநாசம் அணை வந்தது, 1958இல் மணிமுத்தாறு அணை வந்தது. மலையில் இருந்து இறங்குகிற மணலில் பெரும்பங்கு அணைக்குப் பின்னாலேயே தங்கிவிடும். வரவு குறைந்த கணக்கில் செலவை மட்டும் ஏற்றிக்கொண்டே போனோம். 2010இல் இரா. நல்லகண்ணு வழக்குப் போட்டு, அவரே நின்று வாதாடி, உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தாமிரபரணியில் மணல் அள்ள ஐந்து ஆண்டுத் தடை போட்டது.

தடை வந்தால் ராத்திரி வண்டி வரும். ராத்திரி வண்டிக்கு இன்னொரு பில் உண்டு. 2018 மே மாதம் நாங்குநேரிப் பக்கம் நம்பியாற்றில் மணல் வண்டியைத் தடுக்கப் போன போலீஸ்காரர் கொல்லப்பட்டார். 2023 ஏப்ரலில், மணல் கடத்தல் பற்றிப் புகார் கொடுத்த முறப்பநாட்டு வி.ஏ.ஓ. பட்டப்பகலில் தன் அலுவலகத்துக்குள்ளேயே வெட்டுப்பட்டுச் செத்தார். இதைச் 'சுற்றுச்சூழல் பாதிப்பு' என்ற தலைப்பில் யாரும் எழுதுவதில்லை. என் கணக்கில் பூச்சு நெய் மாதிரி ஓடுவதற்கு ஆன செலவில் இதுவும் சேர்த்திதான்.

(வெளிநாட்டு மணலையும் பார்த்துவிட்டோம். 2017இல் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு மலேசியாவில் இருந்து கப்பலில் மணல் வந்து இறங்கி, அதை யார் விற்கலாம் என்று வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனது. அந்த மணலும் ஏதோ ஓர் ஆற்றில் இருந்துதானே வந்திருக்கும்.)

மலை கட்டுகிற பில்

ஆற்றைக் காப்பாற்ற வந்த பிள்ளை என்று எம்-சாண்டுக்கு ஒரு நல்ல பெயர். அந்தப் பெயரோடு, கல்குவாரிகள் இருக்கிற ராதாபுரம் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வாருங்கள். நான் போனது தை மாதம். பந்திக்குப் பின்னால் நின்ற வாழையின் இலையைத் தட்டினால் பவுடர் கொட்டியது. துணியை வெளியே காயப்போடுவதில்லை என்றார்கள். அந்த வீட்டு நடுச்சுவரில் மேலிருந்து கீழாக ஒரு விரிசல். அதன் மேல் காலண்டர் தாளைக் கிழித்து ஒட்டி வைத்திருந்தார்கள், தேதியோடு. வெடி வைத்த பிறகு தாள் கிழிகிறதா என்று பார்க்கத்தானாம். தாள் நடுவில் கிழிந்துதான் இருந்தது. குடியிருப்பில் இருந்து 300 மீட்டருக்குள் குவாரி கூடாது என்பது தமிழ்நாட்டு விதி. அதிர்வு நாடாப் பிடித்து அளந்துகொண்டு நிற்பதில்லை.

தூசி கண்ணுக்குத் தெரிகிறது, அதில் கெடுதல் செய்கிற துகள் தெரிவதில்லை. கருங்கல்லில் இருக்கிற சிலிகா நுரையீரலில் போய்த் தங்கினால் சிலிகோசிஸ். குணப்படுத்த மருந்து கிடையாது. கிரஷரில் வேலை பார்த்தவருக்கு நோய் வெளியே தெரிய வருஷக்கணக்கில் ஆகும், அதற்குள் அவர் வேறு வேலைக்குப் போயிருப்பார், குவாரி வேறு கைக்கு மாறியிருக்கும். ஆஸ்பத்திரிச் செலவு அவர் வீட்டுக் கணக்கில்.

2022 மே 14 ராத்திரி அடைமிதிப்பான்குளத்தில் நடந்ததை இந்தப் பக்கம் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 300 அடி ஆழக் குவாரியில் பாறை சரிந்து ஆறு பேர் மாட்டிக்கொண்டார்கள், நான்கு பேர் பிழைக்கவில்லை. கடைசி உடலை எடுக்க ஒரு வாரம் ஆனது. முன்னூறு அடி என்றால் முப்பது மாடிக் கட்டிடத்தைக் கவிழ்த்து வைத்த ஆழம். நம் வீட்டு மாடிகளெல்லாம் மேலே ஏறுகிற அளவுக்கு எங்கோ ஒரு குழி கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது.

அப்புறம் ரோடு. இதை நான் சாதாரணக் குண்டும் குழியுமாகத்தான் நினைத்திருந்தேன். 1950களின் கடைசியில் அமெரிக்காவில் சாலையில் லாரிகளை ஓட்டி ஓட்டிப் பார்த்த ஒரு பெரிய சோதனையில் தெரிந்த விஷயம் இது: அச்சில் ஏறுகிற பளு இரண்டு மடங்கானால் சாலையின் தேய்மானம் இரண்டு மடங்கு ஆவதில்லை, ஏறக்குறைய பதினாறு மடங்கு ஆகிறது. ஓவர்லோடு அடிக்கிற ஒரு டாரஸ் லாரி ஒரு நடையில் மிச்சம் பிடிப்பது டீசல் காசு, அது தின்றுவிட்டுப் போவது கிராமத்துத் தார்ச்சாலையை. அந்த லாரிகளில் கணிசமானவை புளியரை வழியாகவும் களியக்காவிளை வழியாகவும் கேரளத்துக்குப் போகின்றன. அங்கே கட்டிடம் எழும்புகிறது, இங்கே குழி மிஞ்சுகிறது.

செலவை உண்டாக்கியவன் தலையிலேயே அதைக் கட்ட வேண்டும் என்று 1920லேயே பிகூ என்ற ஆங்கிலப் பொருளியலாளர் எழுதி வைத்தார். நம்மூரில் அப்படி நடந்து நான் பார்த்தது ஒரு தடவைதான். 2024 டிசம்பரில் நடுக்கல்லூர், கோடகநல்லூர் பக்கம் கேரளத்து மருத்துவக் கழிவைக் கொட்டிவிட்டுப் போனார்கள். பசுமைத் தீர்ப்பாயம் பிடித்துக்கொண்டது, கேரளத்தில் இருந்தே லாரியும் ஆளும் வந்து அள்ளிக்கொண்டு போனார்கள். ஊசியும் பாட்டிலும் என்றால் எங்கிருந்து வந்தது என்று சீட்டு ஒட்டியிருக்கிறது. உப்பேறின கிணற்றுக்கும் கிழிந்த காலண்டர் தாளுக்கும் அப்படிச் சீட்டு இல்லை.

2025 ஏப்ரலில் கனிம நிலங்களுக்குத் தமிழக அரசு தனி வரி போட்டபோது கிரஷர்காரர்கள் ஸ்டிரைக் செய்தார்கள், எம்-சாண்ட் விலை ஏறியது. வீடு கட்டுகிறவர்கள் எல்லாரும் திட்டினோம், நானும்தான். இப்போது யோசித்தால், ஒளிந்திருந்த பில்லில் ஒரு வரி வெளியே தெரிந்ததற்குத்தான் அத்தனை சத்தம். ஆனால் அந்தக் காசு போவது கஜானாவுக்கு, விரிசல் விட்ட சுவருக்கு இல்லை. குவாரி ஊர்களுக்கென்றே 2015 சட்டத் திருத்தத்தில் வந்த மாவட்டக் கனிம அறக்கட்டளை என்று ஒன்று இருக்கிறது. உங்கள் ஊருக்கு அதில் என்ன வந்தது என்று கிராம சபையில் கேட்டுப் பாருங்கள்.

அப்படியானால் எது?

நான் எம்-சாண்ட் பக்கம். மனம் நிறைந்து இல்லை. ஆற்றில் ஓர் இடத்தில் அள்ளினால் பல ஊர்களுக்கு நஷ்டம், அதுவும் யார் செய்தது என்று காட்ட முடியாத நஷ்டம். குவாரியின் நஷ்டம் கொடுமையானது, ஆனால் அதற்கு ஒரு சர்வே எண் இருக்கிறது, உரிமம் இருக்கிறது, பூட்ட ஒரு கேட் இருக்கிறது. மல்லுக்கட்ட எதிரில் ஆள் இருக்கிறார். எதிர்ப்பக்கத்திலும் நியாயம் உண்டு: விட்டுவைத்தால் ஆற்றில் மணல் கொஞ்சமாவது சேரும், உடைத்த மலை திரும்ப வளராது. ராதாபுரத்துக்காரர் ஒருவர் இதைப் படித்தால் என்னைத் திட்டுவார். திட்டட்டும்.

அவருக்காக என்னால் முடிந்தது அளவைக் குறைப்பதுதான். ஆயிரம் சதுர அடி என்பது எங்கள் நான்கு பேருக்கு எதற்கு என்று பென்சிலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். விருந்தாளி அறையும், அதற்கொரு பாத்ரூமும், யாரும் உட்காராத ஒரு சிட்அவுட்டும் போயின. 700 ஆனது. 18 யூனிட் 13க்கு வந்துவிட்டது, கம்பியும் சிமெண்டும் அதே விகிதத்தில். பின்கட்டில் இடித்த பழைய சுவரின் கல்லையும் காரையையும், முன்வாசலை உயர்த்த அடியில் நிரப்பினோம். இல்லாவிட்டால் அதற்கும் ஏதோ ஒரு குளத்துச் சரளைத் தோண்டியிருப்பார்கள்.

வண்டி காலை பதினோரு மணிக்கு வந்தது, நடைச்சீட்டும் பில்லும் டிரைவர் கையில். கழுவிய மணல் என்பதால் டெயில்கேட் ஓரம் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. கொத்தனார் ஒரு கை அள்ளித் தேய்த்துப் பார்த்துவிட்டு, "தூசி இல்ல, நல்லாத்தான் இருக்கு" என்றார். பூச்சுக்கும் பி-சாண்டுதான் என்று சொன்னதும் முகம் மாறிவிட்டது. "கை ஓடாது அண்ணாச்சி. ரெண்டு நாள் கூலி கூட ஆகும், பாத்துக்கிடுங்க."

போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன்.