பத்தாம் நம்பர் பெட்டி: லாட்ஜில் நாலு வருஷம் ஓடிய கேமரா ரெக்கார்டர்

வேலூர் தோட்டப்பாளையம் பக்கம் ஒரு சந்துக்குள் 14 ரூம் லாட்ஜ் நடத்துகிறோம். சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வைத்தியத்துக்கு வருகிறவர்கள்தான் வாடிக்கை. வங்காளம், அசாம், திரிபுரா, ஜார்கண்ட் என்று வருவார்கள். நாலு நாள் என்று சொல்லிப் பையை இறக்குவார்கள், ஒன்றரை மாதம் இருப்பார்கள். 2021 நவம்பரில் பாலாறு கரை முட்டி ஓடியது இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு மறந்திருக்காது. தண்ணீர் வடிந்த அடுத்த மாதம் மாட்டியதுதான் இந்த ரெக்கார்டர். 8 கேமரா வரை பதிவு செய்யும் என்விஆர் ரெக்கார்டர், நெட்வொர்க் கேபிளில் ஓடும் 6 ஐபி கேமரா, கேமராக்களுக்குக் கேபிள் வழியாகவே கரண்ட் கொடுக்கும் பிஓஇ சுவிட்ச், 2 டிபி ஹார்ட் டிஸ்க். ரிசப்ஷன், வாசல், மூன்று வராந்தா, மொட்டை மாடி என்று ஆறு இடம். ரூமுக்குள் எட்டிப் பார்க்கும் கோணத்தில் ஒன்றுகூடக் கிடையாது. அதில் நான் கறார்.

பிராண்டு பெயர் சொல்லப் போவதில்லை. நாலு வருஷத்தில் அந்தப் பெட்டி ஒரு நாளும் கெட்டுப்போகவில்லை. நான் பட்ட பாடு முழுக்கக் கேபிளாலும், அட்ரஸ் என்று போடுகிற நாலு எண்ணாலும்தான். கடையில் யாரும் அதைச் சொல்லித் தரமாட்டார்கள். மெகாபிக்சல் எத்தனை, ராத்திரியில் கலர் தெரியுமா என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

முதல் வருஷம் ஒரு மர்மம். கரண்ட் போய் வந்தால் சில நாள் மட்டும் கேமரா படுத்துவிடும். அதுவும் லாட்ஜ் நிரம்பிய நாளில்தான். நான் இருப்பது காட்பாடி காந்தி நகரில். வாட்ச்மேன் போன் பண்ணுவார்: "ணா, டிவில பாதி படம் கீது, பாதி கறுப்பா கீதுணா." மாட்டிக் கொடுத்த பையனைக் கூப்பிட்டால் "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கண்ணா" என்பான். சில நாள் சரியாகும், சில நாள் ஆகாது. மூன்று மாதம் இப்படியே போனது. ஒரு நாள் ராத்திரி நானே பாலம் தாண்டி வந்து டிவி முன்னால் உட்கார்ந்தேன். திரையின் மூலையில் சின்னதாகச் சிவப்பில் ஒரு வரி வந்து வந்து மறைந்தது: ஐபி கான்ஃப்ளிக்ட். ஒரே நம்பருக்கு இரண்டு பேர் சண்டை என்று அர்த்தம்.

லாட்ஜ்காரனுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். வைஃபை ரவுட்டர்தான் ரிசப்ஷன். புதிதாக ஒரு போன் உள்ளே வந்தால் காலியாக உள்ள நம்பர் ஒன்றைக் கொடுத்து ரிஜிஸ்டரில் எழுதிக்கொள்ளும். அதற்கு டிஎச்சிபி என்று பெயர். நம்பரை இத்தனை மணி நேரத்துக்கு என்றுதான் தரும், நம் 24 மணி நேர செக்-அவுட் மாதிரி. எங்கள் பெட்டிக்கு அந்தப் பையன் 192.168.1.10 என்று நிரந்தர எண் போட்டுவிட்டான். போட்டது சரி, ஆனால் ரவுட்டரிடம் சொல்லவில்லை. அதன் ரிஜிஸ்டரில் பத்து காலி. எங்கள் அத்தை தானே ஒரு சாவி வைத்துக்கொண்டு பத்தாம் நம்பர் ரூமில் குடியிருக்க, கவுன்ட்டர்காரன் காலி என்று நினைத்து அதே ரூமை சிலிகுரி குடும்பத்துக்குக் கொடுத்தால் என்ன ஆகும்? அதேதான். கரண்ட் வந்ததும் ரவுட்டர் சீக்கிரம் விழித்துக்கொள்ளும், ரெக்கார்டர் எழுந்திருக்க இரண்டு நிமிஷமாகும். அந்த இடைவெளியில் ஏதோ ஒரு போன் பத்தை வாங்கிக்கொள்ளும். பெட்டி எழுந்து வந்து "இது என் இடம்" என்று அடம் பிடிக்கும். கேமரா அனுப்பும் படம் சில சமயம் பெட்டிக்குப் போகும், சில சமயம் யாரோ ஒருவர் தலைமாட்டில் கிடக்கும் போனுக்குப் போகும்.

சரி பண்ண அஞ்சு நிமிஷம் போதும். ரவுட்டரின் செட்டிங் பக்கத்தைத் திறந்து, கொடுக்கிற எண்களை 100 முதல் 199 வரை என்று மாற்றினேன். நூறுக்குக் கீழே எல்லாம் நமக்கு: பெட்டிக்கு 10, கேமராக்களுக்கு 11 முதல் 16. கூடவே அந்த 'செக்-அவுட்' நேரத்தை 2 மணியாகக் குறைத்தேன். காலையில் ரயில் பிடித்துப் போனவர் போனுக்கு மறுநாள் வரை நம்பர் பிடித்துவைப்பானேன்? அதன் பிறகு இன்று வரை அந்தச் சிவப்பு வரியைப் பார்க்கவில்லை.

இதைச் செய்து முடித்த கையோடு இன்னொரு கூத்து. ரிசப்ஷனில் உட்கார்ந்து போனில் பார்த்தால் ஆறு கேமராவும் ஜம்மென்று ஓடுகிறது, வீட்டுக்குப் போனால் 'ஆஃப்லைன்'. எண்ணைத் திருப்பிப் போடும்போது கேட்வே, டிஎன்எஸ் இரண்டு கட்டத்தையும் காலியாக விட்டுவிட்டேன். கேட்வே என்றால் தெருவாசல். அது எங்கே என்று தெரியாத பெட்டி லாட்ஜுக்குள்ளேயேதான் சுற்றிவரும். டிஎன்எஸ் என்பது பெயரைச் சொன்னால் எண் எடுத்துத் தரும் டைரக்டரி. கேட்வேக்கு ரவுட்டரின் எண்ணான 192.168.1.1, டிஎன்எஸ்ஸுக்கு 8.8.8.8 என்று போட்டதும் காட்பாடியில் படம் வந்தது.

2023 மே மாதம் ஒரு சாயங்காலம் இடி இறங்கி ரவுட்டரும் சுவிட்சில் இரண்டு போர்ட்டும் போயின. இன்டர்நெட்காரர்கள் புது ரவுட்டர் வைத்துவிட்டுப் போனார்கள். வைஃபை வந்தது, கேமரா போனில் வரவில்லை. இந்த முறை நான் யாரையும் கூப்பிடவில்லை. புதுசு 192.168.0 வரிசையில் எண் கொடுக்கிறது, என் பெட்டி 192.168.1 வரிசையில் நிற்கிறது. சப்நெட் மாஸ்க் 255.255.255.0 என்றிருந்தால் முதல் மூன்று எண்ணும் ஒன்றாக இருக்கிறவர்கள்தான் ஒரே கட்டடம். மூன்றாவது எண் மாறினால் பக்கத்துக் கட்டடம். கூப்பிட்டால் கேட்காது. ஏழு கருவியிலும் எண் மாற்றாமல், புது ரவுட்டரின் எண்ணையே 192.168.1.1 ஆக்கிவிட்டேன். வேலை முடிந்தது. 192.168 என்று ஆரம்பிப்பவை எல்லாம் உள்வீட்டு உபயோகத்துக்கு என்று 1990-களிலேயே ஒதுக்கியவை. 10 என்று ஆரம்பிப்பவையும், 172.16 முதல் 172.31 வரையும் அப்படித்தான். உங்கள் வீட்டிலும் எங்கள் லாட்ஜிலும் அதே எண் இருக்கலாம், தெருவுக்குத் தெரியாது.

வெளியிலிருந்து பார்க்க, ரவுட்டரில் கதவு திறந்துவிடும் போர்ட் ஃபார்வர்டிங் பண்ணுங்கள் என்று யூடியூபில் ஆளாளுக்குச் சொல்கிறார்கள். நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தேன். ஒரே முகவரியில் எந்தச் சேவைக்கு எந்தக் கதவு என்று காட்டுவது போர்ட். 80 என்றால் பிரவுசருக்கு, 554 என்றால் வீடியோ ஓட்டத்துக்கு. ரவுட்டரில் எல்லாம் சரியாகத்தான் எழுதினேன். வரவில்லை. ரவுட்டரின் வெளி எண் 100.72 சொச்சம் என்று காட்டியது, கூகுளில் 'என் ஐபி என்ன' என்று கேட்டால் வேறு எண். 100.64 முதல் 100.127 வரை உள்ளவை இன்டர்நெட் கம்பெனிகள் தங்களுக்குள் வைத்துக்கொள்ள 2012-ல் ஒதுக்கியவை. ஒரே வெளி முகவரியைப் பல வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன என்று அர்த்தம். சிஜிநாட் என்பார்கள். நம் ரவுட்டரில் எத்தனை கதவு திறந்தாலும் காம்பவுண்டு கேட் அவர்கள் கையில். பெட்டியோடு வரும் ஆப்பில் கியூஆர் ஸ்கேன் பண்ணும் பி2பி முறைக்கு இந்தத் தொல்லை இல்லை. பெட்டியே வெளியே போய்க் கம்பெனி சர்வரில் கையெழுத்துப் போட்டு வைக்கும், நம் போன் அங்கே போய்க் கேட்கும். இன்னொருவர் சர்வரை நம்ப வேண்டியிருக்கிறது, பிடிக்கவில்லைதான். இருந்தாலும் உலகத்துக்கே கதவைத் திறந்து வைப்பதற்கு இது பரவாயில்லை என்பது என் கட்சி. கதவு திறந்தால் என்ன ஆகும் என்று நான் வேறு விதமாகத் தெரிந்துகொண்டேன்.

அப்பாவை வார்டில் சேர்த்துவிட்டு மூன்றாவது மாடியில் தங்கியிருந்த ஒரு பையன், இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம். ராத்திரி பத்தரைக்குத் தூக்கம் வராமல் கீழே வந்தான். "அங்கிள், ஏ ஆப்கா ஹை க்யா?" என்று போனை நீட்டினான், இது உங்களுடையதா என்று. எங்கள் ரெக்கார்டரின் லாகின் பக்கம். நான் வாயைத் திறப்பதற்குள் அட்மின் என்றும், அட்மின்123 என்றும் தட்டினான். திறந்துகொண்டது. ஒரு தலை தெரிந்தது, உச்சியில் வழுக்கை, கையில் ஒரு போன். நான் நிமிர்ந்து கேமராவைப் பார்த்தேன். ஒரு நொடி கழித்துத் திரையில் அந்த ஆளும் நிமிர்ந்தான்.

பையன் சிரிக்கவில்லை, பாவம். "பாஸ்வேர்டு மாத்துங்க" என்று ஜாடை காட்டிவிட்டுப் போய்விட்டான். 2016-ல் மிராய் என்றொரு வைரஸ் இப்படித்தான் கம்பெனி பாஸ்வேர்டோடு கிடந்த கேமராக்களையும் டிவிஆர் ரெக்கார்டர்களையும் லட்சக்கணக்கில் பிடித்து, அக்டோபர் 21 அன்று டைன் என்ற டிஎன்எஸ் நிறுவனத்தின் மேல் ஏவியது. அமெரிக்காவில் ட்விட்டர், நெட்ஃப்ளிக்ஸ் எல்லாம் தடுமாறின. மறுநாளே பாஸ்வேர்டை மாற்றினேன், ரவுட்டரில் யுபிஎன்பி என்ற தானாகக் கதவு திறக்கும் வசதியை அணைத்தேன், தங்குகிறவர்களுக்குத் தனியாக 'கெஸ்ட்' வைஃபை போட்டேன். அதில் வருகிறவர்களுக்கு இன்டர்நெட் உண்டு, எங்கள் பெட்டி கண்ணில் படாது. லாட்ஜ், கிளினிக், டியூஷன் சென்டர் என்று ஊருக்கே வைஃபை கொடுக்கிற எவரும் வேறு எதைச் செய்யாவிட்டாலும் இதைச் செய்துவிடுங்கள்.

கேபிளுக்கு வருகிறேன். மொட்டை மாடி கேமரா தினமும் சாயங்காலம் ஆறரை வாக்கில் செத்துச் செத்துப் பிழைக்கும். பகலில் ஒரு குறையும் இருக்காது. கேமராவை மாற்றினோம், சுவிட்சில் செருகும் போர்ட்டை மாற்றினோம், இணைப்பு முனையை வெட்டி வெட்டிப் புதிதாக அடித்தோம். கடைசியில் வெட்டிப் போட்ட துண்டு ஒன்றை எடுத்து பிளேடால் சுரண்டினேன். மேலே செம்பு நிறம், இரண்டு சுரண்டலுக்குப் பிறகு உள்ளே வெள்ளை. செம்பு முலாம் பூசிய அலுமினியம். இருட்டினால் கேமராவின் இன்ஃப்ராரெட் விளக்கு எரியும், கரண்ட் கூட இழுக்கும். மாடி வரை சுற்றிப் போகும் சுமார் 60 மீட்டரில் அலுமினியம் வோல்டேஜைத் தின்றுவிடும். கேமரா அணைந்து, திரும்ப எழுந்து, விளக்கைப் போட்டு, திரும்ப அணையும். நெட்வொர்க் கேபிள் 100 மீட்டர் வரை போகலாம் என்பது நல்ல செம்புக்குச் சொன்ன கணக்கு. சென்னை ரிச்சி தெருவில் முழுச் செம்பு கேட்-6 கேபிள் வாங்கி வந்து இழுத்த அன்றோடு அந்தச் சாயங்கால நோய் தீர்ந்தது.

"ஒரு மாசம் ரெக்கார்டிங் இருக்கும்ணா" என்று கேமரா மாட்டிக் கொடுத்த பையன் சொன்னதை நம்பியிருந்தேன். தெருவில் நடந்த ஒரு செயின் பறிப்புக்காக ஸ்டேஷனிலிருந்து வந்து 12 நாளுக்கு முந்திய வாசல் காட்சி கேட்டார்கள். இல்லை, அழிந்து மேலே புதுசு எழுதியாகிவிட்டது. கணக்கு போட்டுப் பார்த்தேன். ஒரு 2 மெகாபிக்சல் கேமரா எச்.264 என்ற வீடியோ சுருக்கும் முறையில் நொடிக்கு 4 மெகாபிட் (எம்பிபிஎஸ்) அனுப்பினால் ஒரு நாளைக்கு 43 ஜிபி சொச்சம். ஆறுக்கு 260 ஜிபி. 2 டிபி எட்டு நாள்கூடத் தாங்காது. இன்னும் நன்றாகச் சுருக்கும் எச்.265-க்கு மாற்றி 2 எம்பிபிஎஸ் ஆக்கினேன், இப்போது 15 நாள். முகம் தெரிவதில் எனக்கு வித்தியாசம் படவில்லை. போனில் பார்க்க மட்டும் 512 கேபிபிஎஸ் சப் ஸ்ட்ரீம், அதாவது குறைந்த தரத்தில் ஓடும் இன்னொரு ஓட்டம். ஆறையும் முழுத் தரத்தில் வெளியே அனுப்பினால் ரூம்காரர்கள் வைஃபை இழுக்கிறது என்று சண்டைக்கு வருவார்கள்.

கடிகாரம் சின்ன விஷயம், ஆனால் போலீஸ் முதலில் பார்ப்பது அதைத்தான். என்டிபி என்பதை டிக் பண்ணினால் இன்டர்நெட்டிலிருந்து நேரம் எடுத்துக்கொள்ளும். டிக் பண்ணினேன், நேரம் இரண்டரை மணி முன்னால் ஓடியது. டைம் ஸோன் சீனாவின் ஜிஎம்டி +8-ல் அப்படியே இருந்தது. +5:30 ஆக்கியதும் ஒழுங்காயிற்று.

வேலூர் வெயிலைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. படிக்கட்டுக்கு அடியில் மர அலமாரிக்குள் பெட்டியை வைத்திருந்தோம். அக்னி நட்சத்திரத்தில் ஹார்ட் டிஸ்க் சூடு 60 டிகிரியைத் தொட்டது. கதவில் ஓட்டை போட்டு ஒரு சின்ன ஃபேன் வைத்தேன், அவ்வளவுதான். ரவுட்டர், சுவிட்ச், பெட்டி மூன்றுக்கும் சேர்த்து ஒரு யுபிஎஸ். பெட்டிக்கு மட்டும் யுபிஎஸ் போட்டுவிட்டு, கரண்ட் போனால் ஏன் போனில் வரவில்லை என்று கேட்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நானும் ஆறு மாதம் அப்படித்தான் இருந்தேன்.

அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒரு தாளில் எல்லா எண்ணையும் எழுதி ஒட்டியிருக்கிறேன். வாட்ச்மேன் போனிலும் எந்த எண் உயிரோடு இருக்கிறது என்று காட்டும் ஒரு ஆப் போட்டுக் கொடுத்தேன். இப்போதெல்லாம் அவர் கறுப்பா கீது என்று சொல்வதில்லை. போன வாரம் ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கூப்பிட்டார்.

"ணா, பத்தாம் நம்பர்ல பதிலே இல்லணா."

நான் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டேன்: "ரூமா, பெட்டியா?"

"ரூமுணா. தண்ணி வரலைன்னு சொன்னாங்க, போய் தட்னா தூங்கிட்டாங்க."