அரிசோனா ஸ்டேட், ஸ்டான்ஃபோர்டு, கலிஃபோர்னியா: பாய்லரை வைத்து ஓர் ஒப்பீடு

ஒரு பல்கலைக்கழகம் கார்பன் சமநிலையை, அதாவது வெளியிடும் கார்பனுக்கும் ஈடுசெய்யும் கார்பனுக்கும் கணக்கு நேராகும் நிலையை, எட்டிவிட்டதாக அறிவித்தால், அங்கே பாய்லர் என்ன ஆயிற்று என்றுதான் முதலில் தேடிப் பார்ப்பேன். அமெரிக்க வளாகங்களின் நேரடி உமிழ்வு பெரும்பாலும் கட்டடங்களைச் சூடாக்க எரிக்கும் எரிவாயுவிலிருந்துதான் வருகிறது. அப்படிப் பார்த்தால் இந்த மூன்று பல்கலைக்கழகங்களும் மூன்று திசையில் போயிருக்கின்றன.

ஆண்டை மட்டும் பார்த்தால் அரிசோனா ஸ்டேட் முதலிடம். 2025 என்று கெடு வைத்ததை 2019லேயே முடித்துவிட்டார்கள். கார் நிறுத்துமிடங்களுக்கு மேலே சோலார் பலகைகளைப் பரப்பியது உண்மையான வேலை, அந்தப் பாலைவன வெயிலில் காருக்கு நிழலும் ஆச்சு. ஆனால் கணக்கை நேர்செய்தது வெளியே வாங்கிய கார்பன் கிரெடிட்டுகளும் புதுப்பிக்கத்தக்க மின்சாரச் சான்றிதழ்களும்தான். வளாகத்தில் எரிவாயு எரியும், வேறெங்கோ யாரோ குறைத்ததைக் காசு கொடுத்து நம் கணக்கில் எழுதிக்கொள்ளலாம். எனக்கு இது ஒப்பவில்லை. போக்குவரத்து, விமானப் பயணமெல்லாம் அந்த 2019 கணக்கில் சேரவும் இல்லை, அதற்கு 2035 என்று தனிக் கெடு.

ஸ்டான்ஃபோர்டு பாய்லரிலேயே கை வைத்தது. எரிவாயுவை எரித்து மின்சாரமும் நீராவியும் தந்துகொண்டு 1987 முதல் ஓடிய நிலையத்தை 2015ல் நிறுத்திவிட்டார்கள். வீட்டு ஃப்ரிட்ஜின் பின்பக்கம் கை வைத்தால் சுடுமே, உள்ளேயிருந்து இழுத்த சூடு அது, அதே சங்கதிதான் இங்கேயும். ஆய்வகங்களையும் சர்வர் அறைகளையும் குளிர வைக்கும்போது வெளியேறும் சூட்டை முன்பெல்லாம் கோபுரங்கள் வழியாகக் காற்றில் விட்டுவிட்டு, அதே நேரத்தில் பக்கத்துக் கட்டடத்தைச் சூடாக்க எரிவாயு எரித்துக்கொண்டிருந்தார்கள். இப்போது அந்தச் சூட்டைப் பிடித்து வெந்நீராக்கி, 23 லட்சம் கேலன் தொட்டியில் சேர்த்து, வேண்டும்போது அனுப்புகிறார்கள். இதற்காகப் பழைய நீராவிக் குழாய்களுக்குப் பதிலாக 20 மைலுக்கும் மேல் வெந்நீர்க் குழாய் பதிக்க வேண்டியிருந்தது, மொத்தச் செலவு 48.5 கோடி டாலர். மின்சாரத்துக்கு சோலார் பண்ணைகள், 2022ல் இரண்டாவது பண்ணையும் வந்து சேர்ந்தது.

அப்புறம் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம், பத்து வளாகங்கள். அப்போதைய தலைவர் ஜேனட் நாபோலிடானோ 2013ல் 2025க்குள் கார்பன் சமநிலை என்று அறிவித்தார். 2023ல் அதை மாற்றினார்கள்: 2019 அளவிலிருந்து 90% குறைப்பு, அதுவும் 2045க்குள், கிரெடிட் வாங்குவது மிச்சத்துக்கு மட்டும். இதைப் பின்வாங்கல் என்பவர்கள் உண்டு. கிரெடிட் வாங்கி 2025ஐத் தொட்டுவிட்டோம் என்று சொல்வதைவிட இது நேர்மையானது என்றே நான் நினைக்கிறேன். ஆனால் பத்து வருடம் போனது போனதுதான். பெர்க்லி வளாகத்தின் எரிவாயு நிலையமும் 1987ல் வந்ததுதான், ஸ்டான்ஃபோர்டின் நிலையத்துக்கு அதே வயசு, சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவுக்கு அந்தப் பக்கம். கெடுவை மாற்றிய 2023லும் அது ஓடிக்கொண்டுதான் இருந்தது.

பண விஷயத்தில் மட்டும் வரிசை தலைகீழ். புதைபடிவ எரிபொருள் நிறுவனங்களில் போட்டிருந்த முதலீட்டை கலிஃபோர்னியா 2020ல் விலக்கி முடித்தது, அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்டின் அறங்காவலர்கள் அப்படி விலக மறுத்துவிட்டார்கள். அது எனக்கு வருத்தம்தான், இருந்தாலும் உமிழ்வு என்று வந்தால் என் ஓட்டு ஸ்டான்ஃபோர்டுக்கே.

பணக்காரப் பல்கலைக்கழகம், செய்யாமல் என்ன என்பீர்கள். சரி, இண்டியானாவில் பால் ஸ்டேட் என்று ஓர் அரசுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. 2009ல் தரையைத் துளைக்கத் தொடங்கி, சுமார் 3,600 துளைகள் போட்டு, மண்ணின் வெப்பத்தை மின்சாரத்தில் ஓடும் பம்புகளால் எடுத்துக் கட்டடங்களைச் சூடாக்கக் கற்றுக்கொண்டு, 2014ல் நிலக்கரி பாய்லர்களை நிறுத்திவிட்டார்கள். இண்டியானாவின் மின்சாரத்தில் நிலக்கரி அதிகம், அதனால் அவர்கள் கணக்கு இன்னும் சுத்தமாகவில்லை. ஆனால் மின்சாரம் சுத்தமாக ஆக அந்த வளாகமும் கூடவே சுத்தமாகும், எரிவாயு பாய்லரில் அதற்கு வழியே கிடையாது.