மாடலுக்கு ஒரு குளோனா, எல்லாவற்றுக்கும் ஒரே இமேஜா?

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, ரெயின்போ நகரில் தரைத்தளத்தில் இருந்த எங்கள் பயிற்சி மையத்துக்குள் முழங்கால் அளவு தண்ணீர் வந்துவிட்டது. கீழே வைத்திருந்த சிபியூக்கள் ஒன்றுகூடத் தேறவில்லை. அதுவரை 20 கம்ப்யூட்டரும் ஒரே மாடல். அப்புறம் கையில் காசு சேரச் சேர சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் செகண்ட் ஹேண்டாகக் கிடைத்ததை வாங்கி நிரப்பினோம். டெல் ஆப்டிபிளெக்ஸ் 8, எச்பி 6, ரைசன் போட்டு அசெம்பிள் செய்தவை 4, 11ஆம் தலைமுறை இன்டெல் லேப்டாப் 2. பெட்டி எதுவானாலும் உள்ளே விண்டோஸ் 11, டேலி, தமிழ் 99 தட்டச்சு எல்லாம் அச்சு அசலாக ஒரே மாதிரி இருந்தாக வேண்டும்.

முதலில் பழகிய வழியிலேயே போனேன். மாடலுக்கு ஒன்றைத் தயார் செய்து, குளோனசில்லா என்ற மென்பொருளில் குளோன் (டிஸ்க் முழுவதன் அச்சு நகல்) எடுத்து, அதே மாடல் மற்றவற்றில் இறக்கினேன். இலவசம், வேகம், கற்றுக்கொள்ளப் பெரிதாக ஒன்றும் இல்லை. இறக்கும் டிஸ்க் மூல டிஸ்க்கைவிடச் சிறியதாக இருந்தால் தகராறு செய்யும், அவ்வளவுதான். கம்ப்யூட்டர் எல்லாம் ஒரே மாடல் என்றால் இன்றும் அதையே சொல்வேன்.

மாடல் மாறினால் கதை வேறு. எச்பியில் எடுத்த குளோனை ஒரு டெல்லில் போட்டுப் பார்த்தேன். நீலத்திரையில் ‘இன்அக்சசிபிள் பூட் டிவைஸ்’ என்று வந்து நின்றது. எச்பியில் டிஸ்க்கோடு பேசும் முறை ஏஹெச்சிஐ, டெல்லின் பயாஸில் (கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் இடம்) அது ரெய்டு என்று இருந்தது. அந்த முறைக்கான டிரைவரை பூட் நேரத்தில் ஏற்ற வேண்டும் என்பது குளோனில் இருந்த விண்டோஸுக்குத் தெரியாது. இரண்டும் ஒரே முறையில் இருந்தால் விண்டோஸ் 11 பெரும்பாலும் எழுந்துவிடும்.

அதைவிடப் பெரிய தலைவலி பிறகு வந்தது. மாணவர்களின் பயிற்சிக் கோப்புகள் ஒரு கம்ப்யூட்டரில் ஷேர் செய்த ஃபோல்டரில் இருக்கும். 2025 கடைசியில் ஒருநாள் லேபைப் பார்த்துக்கொள்ளும் தம்பி வந்து, “சார், பாஸ்வேர்டு சரியாத்தான் போடுறேன், உள்ளயே விடமாட்டேங்குது” என்றார். நானும் போட்டுப் பார்த்தேன், அதே கதைதான். ஒரே மூலத்திலிருந்து குளோன் செய்த கம்ப்யூட்டர்கள் எல்லாவற்றுக்கும் எஸ்ஐடி என்ற விண்டோஸ் அடையாள எண் ஒன்றாகவே இருக்கும். வருடக்கணக்கில் இதனால் பெரிய பாதகம் இல்லை. ஆனால் 2025 ஆகஸ்ட் 29 முதல் வந்த விண்டோஸ் 11 அப்டேட்கள் இதைச் சோதிக்கின்றன. இரண்டு பக்கமும் ஒரே எண் இருந்தால் நுழைய விடுவதில்லை. தவறு எங்களுடையதுதான், குளோன் எடுக்கும் முன் அந்த எண்ணை நீக்கிவிடும் சிஸ்பிரெப் என்ற விண்டோஸ் கருவியை ஓட்டியிருக்க வேண்டும்.

சரி, ஓட்டத்தான் போகிறோம் என்றால் எல்லா மாடலுக்கும் பொதுவான ஒரே இமேஜாகவே (விண்டோஸும் மென்பொருள்களும் அடங்கிய ஒரே கோப்பு) செய்துவிடலாமே என்று இரண்டாவது வழிக்கு வந்தேன். ஒரு விர்ச்சுவல் மெஷினில் (கம்ப்யூட்டருக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கம்ப்யூட்டர்) விண்டோஸை நிறுவி, முதல் திரையிலேயே கன்ட்ரோல், ஷிஃப்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் பயனர் கணக்கு உருவாக்காமலே மென்பொருள்களை நிறுவ உதவும் ஆடிட் மோடுக்குப் போகும். அங்கே டேலி முதல் எழுத்துரு வரை எல்லாம் போட்டு, ஒரு ஸ்னாப்ஷாட் (அந்த நிலைக்கே திரும்ப உதவும் பதிவு) எடுத்துக்கொண்டு, சிஸ்பிரெப்பை ஜெனரலைஸ் என்று ஓட்ட வேண்டும். கம்ப்யூட்டர் பெயர், எஸ்ஐடி, குறிப்பிட்ட ஹார்டுவேரின் சுவடுகள் எல்லாம் நீங்கிவிடும். அதை டிஸம் என்ற விண்டோஸ் கட்டளைக் கருவி கொண்டு ஒரு விம் கோப்பாக, அதாவது இமேஜாகப் பிடித்துவிடலாம். ஒன்றில் மட்டும் கவனம்: இன்டர்நெட்டைத் துண்டித்துவிட்டுச் செய்யுங்கள். ஸ்டோர் ஆப் ஒன்று தானாக அப்டேட் ஆகிவிட்டால் சிஸ்பிரெப் பாதியில் நின்றுவிடும். எந்த ஆப் என்று பார்க்க சிஸ்பிரெப் ஃபோல்டருக்குள் பாந்தர் என்ற ஃபோல்டரில் இருக்கும் லாக் கோப்பைத் திறக்க வேண்டும். என் முதல் ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதிலேயே போனது.

டிரைவர்களை இமேஜுக்குள் வைக்கவில்லை. மாடலுக்கு ஒரு ஃபோல்டர் என்று பென் டிரைவில் தனியாக இருக்கின்றன. நன்றாக ஓடும் கம்ப்யூட்டரிலிருந்தே டிஸம் மூலம் அவற்றை ஏற்றுமதி செய்துகொள்ளலாம். பென் டிரைவிலிருந்தே ஓடும் சின்ன விண்டோஸான வின்பிஇயில் பூட் செய்தால் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் டிஸ்க்கைப் பிரித்து, இமேஜை இறக்கி, மாடல் பெயரைப் படித்து, உரிய ஃபோல்டரின் டிரைவர்களைச் சேர்த்துவிடும். அசெம்பிள் செய்த நான்கில் மட்டும் மாடல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘டு பி ஃபில்ட் பை ஓஇஎம்’ என்றிருந்தது. அவற்றுக்கு மதர்போர்டு பெயரைப் படிக்கும்படி மாற்றினேன். லேப்டாப் இரண்டிலும் வின்பிஇக்கு டிஸ்க்கே தெரியவில்லை. டிஸ்க்கைக் கையாளும் இன்டெல்லின் விஎம்டி டிரைவரை வின்பிஇக்குள்ளேயே சேர்த்த பிறகு தெரிந்தது.

இவ்வளவு பாடு எதற்கு என்றால், பராமரிப்புக்காகத்தான். மாதாமாதம் விண்டோஸ் அப்டேட் வருகிறது, டேலியில் புதுப் பதிப்பு வருகிறது. நான்கு குளோன் என்றால் நான்கு கம்ப்யூட்டரை ஓடவிட்டு, அப்டேட் செய்து, திரும்ப எடுக்க வேண்டும். நடைமுறையில் இரண்டைச் செய்வோம், மற்ற இரண்டும் ஆறு மாதம் பின்தங்கிக் கிடக்கும். எங்களுக்கு அப்படித்தான் ஆனது: பாதி லேபில் ஒரு டேலி பதிப்பு, மீதியில் வேறு. பாடம் எடுப்பவர் ஒரு மெனுவைக் காட்டுவார், பின் வரிசைத் திரையில் அது வேறு இடத்தில் இருக்கும். இப்போது சிஸ்பிரெப்புக்கு முந்தைய ஸ்னாப்ஷாட்டைத் திறந்து, அங்கே அப்டேட் செய்து, மறுபடி பிடிக்கிறேன். ஒரு மாலை வேலை. உப்புக்காற்றில் இங்கே போர்டுகள் சீக்கிரம் போகும். புது போர்டு வந்தால் ஒரு டிரைவர் ஃபோல்டர் கூடும், இமேஜைத் தொட வேண்டாம்.

வேறு ஹார்டுவேரில் ரிஸ்டோர் செய்து தரும் கட்டண மென்பொருள்களும் உண்டு. ஒன்றின் டிரையலை ஒரே ஒரு கம்ப்யூட்டரில் பார்த்தேன், வேலை செய்தது. அதை மட்டும் வைத்து நல்லது கெட்டது சொல்ல மாட்டேன். நெட்வொர்க் வழியே இறக்கும் முறையை நான் தொட்டதில்லை. 20 கம்ப்யூட்டருக்கு மூன்று பென் டிரைவ் போதுமாக இருக்கிறது.

லைசென்ஸையும் பார்த்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டரோடு வந்த ஓஇஎம் லைசென்ஸ் மட்டும் இருந்தால் இப்படிச் சொந்த இமேஜ் போட உரிமை கிடையாது. நாங்கள் நிறுவனங்களுக்கான வால்யூம் லைசென்ஸ் எடுத்த பிறகுதான் இதில் இறங்கினோம்.